ஒற்றைக் காதுக் குதிரை

சுந்தர், ஞாயிற்றுக்கிழமை போனில் நான் உன்னிடம் சொன்னது பொய். எனக்கு முழங்கால் வலி இருக்கிறதுதான், ஆனால் உங்களோடு மூன்று நாள் கடற்கரைக்கு வர முடியாத அளவுக்கு இல்லை. தினமும் காலையில் ஸ்ரீராம்புரம் மார்க்கெட் வரைக்கும் நடந்து போய்க் கீரை வாங்கி வருகிறவன், உன்னிடம் மட்டும் படி ஏற முடியவில்லை என்று முனகினேன். நீயும் உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லி விட்டுவிட்டாய். நீ எப்போதும் இப்படித்தான் என்னை விட்டுவிடுவாய். அதனால்தான் பேசாமல் எழுதுகிறேன். நேரில் சொன்னால் நான் பாதி வரும்போதே 'பரவால்லப்பா, விடு' என்பாய், நானும் தப்பித்தோம் பிழைத்தோம் என்று விட்டுவிடுவேன். காகிதத்தில் நீ குறுக்கே வர முடியாது. உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். இங்கிலீஷும் கன்னடமும் போதும் என்று உன்னைச் சேர்த்ததும் நான்தான், அது வேறு கதை. ரேவதியைப் படித்துக் காட்டச் சொல். சேலத்தில் பள்ளிக்கூடம் போன பெண், தடுக்காமல் படிப்பாள். மாமனார் எப்படிப்பட்டவர் என்று அவளுக்கும் தெரிந்துவிடும். தெரியட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் மித்ரா போனைக் கையில் வைத்துக்கொண்டு, நீங்கள் போகப்போகும் இடங்களின் படங்களை ஒவ்வொன்றாக எனக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். ரேவதி தேடி எடுத்த பட்டியல் போலிருக்கிறது. தரங்கம்பாடிக் கோட்டை, பீரங்கி, ஒரு பழைய கலங்கரை விளக்கம், பிறகு அந்தச் சின்ன மியூசியம். அந்த ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை. கடிதம் யார் கையில் போய்ச் சேரும் என்று தெரியாது, உனக்கும் எனக்கும் அது எந்த ஊர் என்று நன்றாகவே தெரியும். அந்த மியூசியத்துச் சாமான்களில் ஒரு மண்குதிரை இருந்தது. மித்ரா அதைத் திரை முழுக்கப் பெரிதாக்கி, "தாத்தா, இதோட இன்னொரு காது எங்க?" என்று கேட்டாள். பக்கத்தில் நீ இருந்தாய், உன் தோள் மட்டும் திரையில் தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் உன் குரல் வந்தது. "அது ரொம்பப் பழசு பாப்பா, எப்பவோ ஒடஞ்சிருக்கும்" என்றாய். உடனே என்னிடம், நீயும் வாயேன்பா என்றாய். நான் முழங்காலைச் சொன்னேன். பழசு இல்லை, சுந்தர். அது எப்போது உடைந்தது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அதைச் சொல்வதற்கு முன்னால் என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும். முப்பத்து மூன்று வருடம் நான் பெங்களூரில் ஒரு மியூசியத்தில் காலரி அட்டெண்டராக இருந்தேன். காக்கிச் சட்டை, ஒரு ஸ்டூல், ஒரு ஜன்னல். கையில் வேலை என்று பெரிதாக எதுவும் கிடையாது, வாய்தான் வேலை. 'முட்டபேடி' என்று கன்னடத்தில், 'தொடாதீங்க' என்று தமிழில், சிவாஜிநகர்ப் பக்கத்துக் குடும்பங்கள் வந்தால் 'ஹாத் மத் லகாவ்', வெள்ளைக்காரன் வந்தால் 'டோன்ட் டச்'. ஆளைப் பார்த்த உடனே எந்த மொழியில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடும். அதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. ஆனால் அந்தச் சொல்லை நான் ஸ்டூலோடு அங்கேயே விட்டுவிட்டு வரவில்லை. வீட்டுக்கும் கொண்டு வந்தேன். ரேடியோவைத் தொடாதே, மிக்ஸியைத் தொடாதே, அப்பா சட்டையைத் தொடாதே. உன் அம்மா கிண்டல் செய்வாள், வீட்டுக்கு டிக்கெட் போட்டுவிடலாமா என்று. நான் சிரிக்க மாட்டேன். இன்னொன்றும் சொல்கிறேன், இதை யாரிடமும் சொன்னதில்லை. அத்தனை வருடம் ஊரையெல்லாம் தொடாதே என்று சொன்னவனுக்கு உள்ளுக்குள் ஒரே ஆசை, அந்தச் சாமான்களைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது. ஹொய்சளர் காலத்துக் கல்லைக் கூட்டம் இல்லாத மத்தியானங்களில் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். அது குளிர்ச்சியாக இருக்குமா, சொரசொரவென்று இருக்குமா என்று யோசிப்பேன். ஒருநாளும் கை வைத்ததில்லை. என் நேர்மை அவ்வளவுதான், அதுவும் என்னைப் பார்க்க ஆள் இருந்த இடத்தில்.

உனக்கு ஒன்பது வயது. கோடை லீவில் வேளாங்கண்ணி ரயிலில் போனோம். நாம் சர்ச்சுக்குப் போகிறவர்கள் இல்லை, ஆனாலும் நம் சந்தில் பாதிப் பேர் அந்த மாதாவுக்கு வேண்டிக்கொள்கிறவர்கள்தான், உன் அம்மாவும் உனக்கு டைபாய்டு வந்தபோது வேண்டிக்கொண்டிருந்தாள். அது முடிந்ததும் இரண்டு நாள் கடற்கரையோரம் சுற்றினோம். கடலை அவ்வளவு கிட்டத்தில் நீயும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை, அதை மட்டும் உன்னிடம் காட்டிக்கொள்ளவில்லை. நீ ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தாய். பார்த்ததையெல்லாம் அதில் வரைந்தாய். கோட்டைக்குப் போனால் பீரங்கியை எண்ணி எண்ணி வரைந்தாய், படகைப் பார்த்தால் படகு, நங்கூரம் பார்த்தால் நங்கூரம். என் அவசரத்துக்கு உன்னை இழுத்துக்கொண்டே போனேன். பஸ் போய்விடும், சாப்பாடு முடிந்துவிடும், அடுத்த இடம் மூடிவிடுவார்கள் என்று. வாழ்நாள் முழுக்க மியூசியத்தில் உட்கார்ந்தவனுக்கு மியூசியத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியாது, சுந்தர். நீங்கள் இப்போது போகும்போது ஒரு நாளைக்கு ஒரு இடம் போதும். மித்ரா ஒரு சாமான் முன்னால் நின்றால் நிற்கட்டும். ஜனங்கள் பலகையைப் படித்துவிட்டுச் சாமானைப் பார்க்காமலே நகர்ந்துவிடுவார்கள், முப்பத்து மூன்று வருடம் நான் பார்த்தது அதைத்தான். நீ அப்படி இல்லை, நீ நின்று பார்த்தாய்.

மூன்றாம் நாள் அந்தச் சின்ன ஊர். கடலிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி, பழைய சுங்க வீட்டில் மூன்று அறை மியூசியம். ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து நடத்தியது. பார்த்துக்கொள்ள ஒரே ஒரு அம்மா, கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருந்தார். உன் அம்மா கால் வலிக்கிறதென்று வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் உள்ளே நுழைந்ததும் செய்த முதல் காரியம் பீற்றிக்கொண்டது. நானும் மியூசியத்தில்தான் இருக்கிறேன், பெங்களூரில், பெரிய மியூசியம் என்றேன். அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நம்ம ஆளுங்களா என்று சொல்லி டிக்கெட் வேண்டாம் என்றுவிட்டார். வருகைப் புத்தகத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். நான் பேனாவை வாங்கி என் பெயர், வேலை, மியூசியத்தின் பெயர் எல்லாவற்றையும் எழுதி, 'பராமரிப்பு நன்றாக இருக்கிறது' என்று டைரக்டர் மாதிரி ஒரு கருத்தும் எழுதினேன். நீ என் கைக்குக் கீழே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு அந்த அம்மா கடைசி அறையின் கயிற்றை அவிழ்த்துவிட்டு, உள்ளே போய்க் கிட்டத்தில் பாருங்கள், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று சொல்லி, நமக்கு டீ போடப் பின்கட்டுக்குப் போனார். மற்றவர்களை அப்படி விட்டுவிட்டுப் போகமாட்டார். என்னை நம்பித்தான் போனார்.

அந்த அறையில் ஒரு மேசை மேல், கண்ணாடி மூடாமல், அந்தக் குதிரை இருந்தது. கைக்குள் அடங்கும் அளவு. மணல் தோண்டும்போது கிடைத்த சுடுமண் பொம்மை என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, 'அடிவயிற்றில் செய்தவரின் பெருவிரல் ரேகையைக் காணலாம்' என்றும் எழுதியிருந்தது. காணலாம் என்று எழுதிவிட்டு, காண முடியாதபடி நாலு காலில் நிற்க வைத்திருந்தார்கள். நீ சுவரில் சாய்ந்து அதை வரைய ஆரம்பித்தாய். நான் வாசலைப் பார்த்தேன். யாரும் இல்லை. அது என் மியூசியம் இல்லை, நான் காக்கிச் சட்டையில் இல்லை, என்னை அங்கே யாருக்கும் தெரியாது. கையை நீட்டி அதை எடுத்தேன். திருப்பிப் பார்த்தேன். ரேகை இருந்தது, சுந்தர். என் பெருவிரலை அதில் வைத்தேன். சரியாகப் பொருந்தியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போயிற்று, எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் ஒருத்தன் ஈரக் களிமண்ணில் அழுத்தின இடத்தில் என் விரல். அந்தச் சந்தோஷத்தில் அதைத் திருப்பிக் கீழே வைக்கும்போது குதிரையின் காது என் வாட்ச் பட்டையில் மாட்டியது. முறுக்கு ஒடிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். சாமானை எடுக்கும்போது வாட்சையும் மோதிரத்தையும் கழற்றிவிட வேண்டும் என்பது எங்கள் வேலையில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம். புளியங்கொட்டை அளவு காது, என் உள்ளங்கையில் விழுந்தது. கையை மூடிக்கொண்டேன்.

டீத் தட்டோடு அந்த அம்மா வந்தார். வந்தவர் கண் நேராகக் குதிரைக்குத்தான் போனது, சாமானைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு அப்படித்தான், வீட்டுக்குள் நுழைந்ததும் தாய் தொட்டிலைப் பார்க்கிற மாதிரி. நேற்றுத் துடைத்தபோது இரண்டு காதும் இருந்ததே என்றார். யாரையும் குற்றம் சொல்லவில்லை. முதலில் என்னைத்தான் பார்த்தார். அந்த ஒரு நொடி எனக்குக் கிடைத்தது. "என் கை பட்டு ஒடஞ்சிடுச்சிம்மா, மன்னிச்சிடுங்க" என்று ஒரு வரி. அவர் திட்டியிருக்கக்கூட மாட்டார். துண்டு கையில் இருந்தால் பத்து நிமிடத்தில் ஒட்டிவிடலாம், அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் வருகைப் புத்தகத்தில் என் எழுத்து மை காயாமல் கிடந்தது. பெங்களூர் மியூசியத்து ஆள் சாமானை உடைத்தான் என்று ஒரு கடிதம் போனால் என் ஸ்டூல் என்ன ஆகும் என்று நினைத்தேன். நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நான் பார்த்ததால் அந்த அம்மாவும் உன்னைப் பார்த்தார். அவ்வளவுதான் நடந்தது, நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர், "தம்பி, பாக்கெட்ட கொஞ்சம் காட்டுப்பா. அந்தத் துண்டு கெடச்சா ஒட்டிடலாம்" என்று மெல்லத்தான் சொன்னார். அதற்குள் இன்னொரு குடும்பம் உள்ளே வந்திருந்தது. அவர்கள் எல்லோர் முன்னாலும் நீ உன் அரைக்கால் சட்டையின் இரண்டு பாக்கெட்டையும் வெளியே இழுத்துக் காட்டினாய். ஒரு சிப்பி, சுருட்டிய பஸ் டிக்கெட், பாதி கடித்த கடலை மிட்டாய்.

உன் ஒரு கையில் நோட்டு, இன்னொரு கையில் பென்சில். பாக்கெட்டை இழுப்பதற்கு அவற்றைத் தரையில் வைக்க வேண்டியிருந்தது. இரண்டு கையிலும் சாமான் வைத்திருக்கிற பிள்ளை எப்படிக் குதிரையை எடுத்திருக்க முடியும் என்று அங்கே ஒருவரும் யோசிக்கவில்லை. எனக்கு யோசிக்கத் தேவையே இல்லை, எனக்குத் தெரியும். அப்படியிருந்தும் நான் உன்னை அறைந்தேன். "எத்தினி தபா சொல்லிக்கிறேன், முட்டபேடான்னு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். வலது கையால் அடித்தேன். இடது கைக்குள் காது இருந்தது. சத்தம் கேட்டு உன் அம்மா ஓடி வந்தாள். நீ அழவில்லை. என் முகத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்து நோட்டை எடுத்துக்கொண்டாய். அந்த அம்மாதான் பதறிப்போய், குழந்தையை அடிக்காதீங்க, போனால் போகட்டும் என்று உன் கன்னத்தைத் தடவினார். டீயை நான் குடித்தேன், சுந்தர். மறுத்தால் சந்தேகம் வருமோ என்று முழு கிளாஸையும் குடித்தேன்.

சாயங்காலம் கடற்கரையில் உட்கார்ந்திருந்தோம். உன் அம்மா தண்ணீரில் கால் நனைக்கப் போயிருந்தாள். நீ மணலில் எதையும் கட்டவில்லை, சும்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த நோட்டுல உன் ஆபீஸ் பேரெல்லாம் எழுதிட்டியேப்பா. உனக்கு வேலை போயிடுமா?" என்று கேட்டாய். அப்போதுதான் எனக்கு உறைத்தது, நீ பார்த்திருக்கிறாய் என்று. சுவரில் சாய்ந்துகொண்டு நீ வரைந்தது குதிரையைத்தானே, உன் கண் அதன் மேலேதானே இருந்திருக்கும். அறை வாங்கின கன்னம் இன்னும் சிவந்திருந்தது, உன் கவலையெல்லாம் என் வேலையைப் பற்றி. ஒன்பது வயதுப் பிள்ளை என்னிடம் ஒரு கதவைத் திறந்துவிட்டது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? உனக்கு மறந்திருக்காது, ஆனாலும் என் கையால் எழுதுகிறேன். "நீ ஒடச்சதுக்கு எனக்கு ஏன்டா வேலை போவுது?" என்றேன். நீ என்னைப் பார்த்தாய். பிறகு சரி என்று தலையை ஆட்டினாய். அறைந்ததைவிட அந்த வார்த்தைதான் பெரிய பாவம். அறைந்தபோது பயத்தில் இருந்தேன் என்று சாக்குச் சொல்லலாம். இதற்கு எந்தச் சாக்கும் இல்லை.

காதைக் கடலில் எறிந்துவிடத்தான் நினைத்தேன். முடியவில்லை. இத்தனை அயோக்கியத்தனம் செய்தவனுக்குப் பழைய சாமானைத் தூக்கிப் போட மட்டும் கை வரவில்லை. பஸ் டிக்கெட்டில் மடித்துச் சட்டைப் பாக்கெட்டில் வைத்தேன், வீட்டுக்கு வந்து மறந்துபோனேன். உன் அம்மா துணி துவைக்கும்போது கண்டுபிடித்தாள். நான் சாப்பிட உட்கார்ந்தபோது தட்டுக்குப் பக்கத்தில் அதை வைத்துவிட்டு, இது என்ன என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். அன்றைக்கு அவள் என்னோடு பேசவில்லை. மறுநாள் தன் குங்குமச் சிமிழைக் காலி செய்து, கழுவி, அதற்குள் காதை வைத்து அலமாரியில் வைத்தாள். "பையன்கிட்ட சொல்லிடுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணா" என்றாள். சொல்கிறேன் என்றேன். பள்ளிக்கூடம் திறக்கட்டும் என்றேன், பரீட்சை முடியட்டும் என்றேன். இரண்டு வருடம் கழித்துச் சுனாமி வந்தது. அந்தக் கரையெல்லாம் டிவியில் காட்டினார்கள். பிணங்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். அந்த நேரத்தில் என் மனதில் வந்த முதல் நினைப்பை எழுதுகிறேன். அந்த மியூசியமும் போயிருந்தால் என் கதையும் முடிந்தது என்று நினைத்தேன். டீ போட்டுக் கொடுத்த அந்த அம்மா உயிரோடு இருக்கிறாரா என்பது இரண்டாவதாகத்தான் வந்தது. தண்ணீர் அந்தத் தெரு வரைக்கும் வரவில்லை என்று பிறகு யாரோ சொன்னார்கள். எனக்கு நிம்மதி வரவில்லை, அதுதான் உண்மை.

அந்தப் பயணத்துக்குப் பிறகு நீ ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டாய். எந்தக் கடைக்குப் போனாலும், யார் வீட்டுக்குப் போனாலும், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொள்வாய். உன் மாமா உன்னைக் கலெக்டர் சார் என்று கூப்பிடுவார், எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன், சுந்தர். அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டே சிரித்தேன். வரைவதையும் விட்டுவிட்டாய். நோட்டு எங்கே என்று நான் கேட்கவில்லை. போன மாதம் என்னைத் துணிக்கடைக்குக் கூட்டிப்போனாயே, அங்கே மித்ராவைப் பார்த்தேன். பொம்மை அலமாரி முன்னால் நிற்கிறாள், இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால். நீ அவளை அடித்திருக்க மாட்டாய், அதட்டியிருக்கக்கூட மாட்டாய், எனக்குத் தெரியும். உன்னைப் பார்த்துப் பழகியிருக்கிறாள். ஆறு வயதுப் பிள்ளை, பொம்மையைத் தொட ஆசையாக இருக்கிறது, தொடாமல் நிற்கிறது. சட்டை அளவு பார்க்க நீ கூப்பிட்டாய், எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டாய்.

உன் அம்மாவிடமும் பொய் சொன்னேன். உனக்குக் கல்யாணம் ஆன புதிதில் அவள் மறுபடியும் கேட்டாள், சொல்லிவிட்டீர்களா என்று. சொல்லிட்டேன், சிரிச்சான் என்றேன். அவள் நம்பினாள். அவளுக்கு உடம்பு முடியாமல் இருந்த அந்தக் கடைசி வருடம், ஒரு மத்தியானம் நாம் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், நினைவிருக்கிறதா? திடீரென்று உன்னிடம், "அப்பா மேல மனசுல ஒண்ணும் வச்சுக்காதடா. அந்தக் குதிரை விஷயம்தான் உங்கிட்ட சொல்லிட்டாரே" என்றாள். நீ சாம்பார்க் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாய். கடற்கரையில் பார்த்த அதே பார்வை. நான் அவளிடமும் பொய் சொல்லியிருக்கிறேன் என்று உனக்குத் தெரிந்துபோனது. அவளிடம் திரும்பி, "இல்லம்மா, அதெல்லாம் அன்னைக்கே மறந்துட்டேன்" என்றாய். அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள். இரண்டாவது தடவை நீ என்னைக் காப்பாற்றினாய். ஞாயிற்றுக்கிழமை மித்ராவிடம் சொன்னது மூன்றாவது. மகன் அப்பனுக்கு இவ்வளவு காவல் நிற்கக் கூடாது. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். உன் வீட்டில் ஏதாவது உடைந்தால், யார் என்று கேட்பதற்கு முன்னால் உன் கையைத் திறந்து பார். மித்ரா எதையாவது தொட்டு உடைத்தால் அது பொருள்தான், ஒட்டிக்கொள்ளலாம். நான் உடைத்ததை யாரும் ஒட்டிக் கொடுக்கவில்லை. நீயாக ஒட்டிக்கொண்டு வளர்ந்தாய், படித்தாய், எனக்குச் சட்டை வாங்கிக் கொடுக்கிறாய். உன்னை நினைத்தால் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. அதை நேரில் சொல்லவும் எனக்கு வாய் வந்ததில்லை, அதையும் இதில் எழுதிவிடுகிறேன். இன்னொன்று, இதைப் படித்துவிட்டுப் 'பரவால்லப்பா' என்று போன் செய்யாதே. பரவாயில்லை என்பது உண்மை இல்லை. கோபம் இருந்தால் கோபப்படு. இரண்டு நாள் பேசாமல் இரு. உன் அம்மா என்னோடு பேசாமல் இருந்த மாதிரி. எனக்கு அது வேண்டும்.

நான் வருகிறேன், உனக்குச் சம்மதம் என்றால். கடல் பார்க்க வரவில்லை. சிமிழை எடுத்துப் பஞ்சு வைத்துப் பையில் போட்டுவிட்டேன். அந்த அம்மா இருப்பாரோ இல்லையோ, யார் இருக்கிறாரோ அவரிடம் சொல்கிறேன். வருகைப் புத்தகத்தை அவர்கள் வைத்திருந்தால் என் கையெழுத்தைத் தேடிப்பிடித்து, அந்தப் 'பராமரிப்பு நன்றாக இருக்கிறது' என்பதற்குக் கீழே நடந்ததை எழுதுகிறேன். இப்போது பறிபோவதற்கு எனக்கு வேலை எதுவும் இல்லை, அதனால் இது பெரிய தைரியமும் இல்லை. உன்னிடம் கேட்பது ஒன்றுதான். எனக்காக நீ எதுவும் பேசக் கூடாது. கூட்டம் இருந்தாலும் வெளியே போய்விடலாம் என்று என்னை இழுக்கக் கூடாது. அன்றைக்கு உள்ளே வந்த குடும்பம் மாதிரி யாராவது இருந்தால் நல்லதுதான். மித்ராவின் கையை முதுகுக்குப் பின்னாலிருந்து எடுத்து, உன் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் குதிரை முன்னால் நில். அவள் கேட்ட கேள்விக்குத் தாத்தா பதில் சொல்வார் என்று மட்டும் சொல். போன மாதம் நீ வாங்கிக் கொடுத்த சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வருவேன். மியூசியத்து வாசலில் காதைச் சிமிழிலிருந்து எடுத்து அதன் பாக்கெட்டில் போட்டுக்கொள்வேன். எல்லோர் முன்னாலும் அந்தப் பாக்கெட்டை நானே வெளியே இழுத்துக் காட்டுகிறேன்.